கடலையை எண்ணாமல் கணித்த நாள்

நாற்பது வயதில் கல்லூரிக்குப் போய், லாசால் நகரில் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்படி மேசையில் இருந்து உயிரியல் பரீட்சைக்குப் படித்தேன். குளத்தில் சில மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடிக்கும்போது அவற்றில் எத்தனை அகப்படுகின்றன என்று பார்த்து மீன்களின் மொத்தக் குடித்தொகையைக் கணிக்கும் முறை விளங்கவேயில்லை.

கணவர் ஒரு கிண்ணம் கடலையைக் கொண்டுவந்தார். சிலவற்றுக்கு மை பூசிக் கலந்தோம். ஒரு பிடி அள்ளிக் கணித்தால் ஒரு விடை; அடுத்த பிடிக்கு அதைப்போல் இருமடங்கு.

"இதில எது சரி?" என்றேன்.

"எல்லாத்தையும் எண்ணிப் பாப்பம்."

எண்ணினோம். இரண்டுமே பிழை.

"அப்ப முறை பிழையோ, நாங்கள் பிழையோ?"

"கனதரம், திரும்பத் திரும்ப அள்ளிப் பாக்கவேணும் போல," என்றார், அவரும் குழம்பி.

மறுநாள் பரீட்சையில் அந்த மீன் கேள்விதான் வந்தது. சூத்திரத்தை எழுதிச் சித்தியடைந்தேன். விளங்கித்தான் எழுதினேனா என்பது இன்னும் எனக்குத் தெரியாது.