டிபன் பாக்ஸில் ஆண் பூ

2005-இல் பட்டாசு கம்பெனி வேனில் என்னருகே உட்காரும் அக்கா, ஒருநாள் காலை டிபன் பாக்ஸில் இரண்டு பூசணிப் பூக்களை வைத்து அசையாமல் பிடித்திருந்தார். ஏழாயிரம்பண்ணைக்குச் சற்று முன்னால் வேன் பஞ்சராகி நின்றது.

“கம்பெனி வாசல்ல நான் வச்ச கொடியில இன்னைக்குப் பொம்பளைப் பூ மட்டுந்தான் விரியுது. இது ஆம்பளைப் பூ. இதோட மகரந்தப் பொடிய அதுல தடவுனாத்தான் காய் பிடிக்கும். வெயில் ஏறுனா அதுவும் இதுவும் சுருங்கிப்போகும்” என்று பதறினார்.

“இது சுருங்குனா என்ன? இங்கன ரோட்டோரம் வெள்ளரிப் பூ கிடக்கே, அந்தப் பொடியத் தடவுங்களேன்க்கா.”

சிரித்துவிட்டார். “எந்தப் பொடியும் ஒட்டும் தம்பி. ஆனா தன் இனத்துப் பொடியத்தான் உள்ள விடும்.”

இறங்கி, நடை தூரத்திலிருந்த கம்பெனிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வேன் சரியாகி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொடியைத் தடவி முடித்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கொடியில் காய்த்த பூசணிக்காயில் எல்லோருக்கும் கூட்டு கொண்டுவந்தார். “கண்ணில்லாத பூவுக்குத் தன் இனம் எப்படிக்கா தெரியுது?” என்று கேட்டேன்.

“அதப் பூவுகிட்டத்தான் கேக்கணும்” என்று இன்னொரு கரண்டி வைத்தார்.