இறகுப் பூச்சி

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காவிரி மணலில் தண்ணீரே இல்லாத பக்கமாகத் தூண்டிலை வீசிக்கொண்டிருக்கிறார் ரத்தினவேல். நுனியில் முள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு மணி நேரம் இந்தக் கூத்து நடக்கும். அம்மா மண்டபத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கேட்டால், "கை பழகணும்ங்க. மீனு அப்புறம்" என்பார்.

மற்ற ஆறு நாளும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் முடுக்கிய நட்டு கழன்றதாகச் சரித்திரமே இல்லை. கப்பலேறிப்போன வெள்ளைக்கார ஃபோர்மேன் ஒருவர் தந்துவிட்டுப்போன மூங்கில் தூண்டில்கோலில்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்கு மண்புழு போடுவது மரியாதை இல்லையாம். இறகில் பூச்சி செய்து, தண்ணீர்மேல் நோகாமல் இறக்க வேண்டுமாம்.

கறிக்கடை சேக் மைதீன் இவருக்கென்று சேவலின் கழுத்திறகுகளை எடுத்துவைப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பட்டுநூலால் முள்ளோடு சேர்த்து இறுக்குவார் ரத்தினவேல். மனைவி மட்டுவார்குழலி கிட்டே வந்தால், நுணுக்கமான வேலை, தொடாதே என்று விரட்டுவார். வருஷத்துக்கு ஒரு தடவை ரயில்வே பாஸில் ஊட்டிப் பயணம், லைசென்ஸ் எடுத்து மூன்று நாள். நான்கு வருஷமாக ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. தான் கட்டிய பூச்சியை ஒரே ஒரு மீனாவது நம்பிவிட வேண்டும் என்று மனிதர் ஏங்கிப்போனார்.

ஐந்தாம் வருஷம் மனைவியும் கூடப் போனாள். மூன்றாம் நாள் மத்தியானம் வரை மீன்கள் மேலே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. பாறையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்தவள் அவள்.

"இவ்வளவு இறுக்கினா இறகு எப்படிங்க அசையும்? மல்லியை இப்படி இழுத்தா காம்பே அறுந்துடும்."

கேட்காமலே ஒரு பூச்சியைப் பிரித்து, பூத்தொடுக்கிற பதத்தில் சுருக்குப் போட்டுக் கொடுத்தாள். நம்பிக்கையில்லாமல்தான் வீசினார். இரண்டாவது வீச்சில் கோல் வளைந்தது. ஒன்றரைச் சாண் மீனைக் கையில் வைத்துக்கொண்டு ரத்தினவேல் அழுதார். சந்தோஷமா, வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் ஒர்க்‌ஷாப் நண்பர்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பூச்சியை ஆளுக்கு ஆள் வாங்கிப் பார்த்தார்கள். ஃபிட்டர் கைன்னா ஃபிட்டர் கைதான் என்று ஒருவர் புகழ்ந்தார். ரத்தினவேல் எழுந்து அடுக்களைக்குள் போனார். அரிசி களைந்துகொண்டிருந்தவளைக் கூடத்துக்கு அழைத்துவந்து, தண்ணீர் சொட்டும் அவள் கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார்.