விளக்கோடு உள்ளே போனவள்

போன வாரம் செல்வி மதுரையிலிருந்து என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: "அக்கா, நான் அழுத சீன்." என்னவோ ஏதோ என்று திறந்தால், பழைய அரண்மனைத் தொடர் ஒன்றின் துண்டு. உள்ளங்கை அகலத் திரையில் ராணியின் தோழி எண்ணெய் விளக்கை ஏந்திக்கொண்டு இருட்டுக்குள் நடந்து போகிறாள். பின்னால் வயலின் இழுக்கிறது. கீழே ஏகப்பட்ட பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். இந்த மாதிரி இப்போது யார் நடிக்கிறார்கள் என்று ஒருவர் ஏங்கியிருந்தார். கண்மை கலையாமல் எப்படி அழுகிறாள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது மிளகாய் நெடி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே மூக்கு அரித்தது. அந்தத் தொடரை நான் பார்த்தது விருதுநகரில், வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறவர் வீட்டு ஹாலில். ஹாலுக்கு அடுத்த அறையில் சாம்பிள் மூட்டைகள் அடுக்கியிருக்கும். உள்ளே நுழைந்ததும் நாலு தும்மல், அப்புறம் கண் கரிக்க ஆரம்பிக்கும். சோகக் காட்சி பார்க்க அதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. யார் கதைக்கு அழுகிறார்கள், யார் வத்தலுக்கு அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. படித்த பெண், தொடர் பார்த்தெல்லாம் அழமாட்டேன் என்ற மிதப்பில் இருந்த எனக்கும் அது நல்ல வசதியாக இருந்தது.

அது ஒரு வளவு. முன்வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம், பின்னால் வரிசையாக வாடகை வீடுகள். நான் அதில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு, தினமும் பஸ் பிடித்து சிவகாசிக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஒரு அச்சகத்தில் பட்டாசு லேபிள்களுக்குப் புரூப் பார்க்கிற வேலை. வளவில் எல்லார் வீட்டிலும் டிவி இருந்தது. ஆனால் அந்த வருஷங்களில் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போய்விடும், சொல்லி வைத்தாற்போல் தொடர் ஆரம்பிக்கிற நேரத்துக்கு. இன்வெர்ட்டர் இருந்தது முன்வீட்டில் மட்டும். கரண்ட் போனதும் அது 'கீக்' என்று ஒரு சத்தம் போடும். பின்வீடுகளுக்கு அதுதான் அழைப்பு. அடுப்பை அணைத்துவிட்டு ஒவ்வொருவராக முன்வீட்டுக்கு வந்துவிடுவோம். "வாங்க, வாங்க, பாட்டுப் போட்டுட்டான்," என்பார் வீட்டுக்காரம்மா.

ஒரே படத்தைத்தான் எல்லாரும் பார்த்தோம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. வீட்டுக்காரம்மா பார்த்தது ராணியின் மாமியாரை. அந்த அம்மா வாயைத் திறந்தாலே இவர், "இவ வெளங்குவாளா?" என்று முணுமுணுப்பார். சொந்த மாமியார் அப்போது உள்ளறையில் இருந்தார், காது கேட்காது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் என் பக்கத்து வீட்டில் இருந்தார். அவர் கதையையே பார்க்கமாட்டார், சுவரைப் பார்ப்பார். ராணி கதறிக்கொண்டிருக்கும்போது, "ஏலே, இது சுண்ணாம்புப் பூச்சு இல்லலே, சிமெண்டுப் பூச்சு. அந்தக் காலத்துல ஏது சிமெண்டு?" என்பார். யாராவது அவர் தொடையைத் தட்டி அடக்க வேண்டும். நான் மட்டும் லேசா? ராணியின் சேலைச் சிவப்பு போன வாரத்துக்கு இந்த வாரம் மாறியிருந்தால் எனக்குள் இருக்கும் புரூப் பார்க்கிறவள் உடனே விழித்துக்கொள்வாள். அவரவர் பிழைப்பு அவரவர் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது.

வாசல் கதவை ஒட்டிப் பின்வீட்டு மாரியக்கா உட்காரும். கூட, மாரியக்காவோடு பட்டாசுக் கம்பெனி வேலைக்கு ஒரே வேனில் போய்வரும் பின்வீட்டுப் பெண்கள் மூன்று நாலு பேர். உள்ளே தள்ளி வந்து ஃபேனுக்கடியில் உட்காரச் சொன்னால், "இருக்கட்டும்மா, காத்து இங்கனயே வருது," என்று சொல்லிவிடும். வீட்டுக்காரர் வீட்டில் கூச்சப்படுகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மாரியக்கா தொடர் பார்த்து அழுததும் இல்லை, சிரித்ததும் இல்லை. நாள் முழுக்க மருந்து அடைத்த கைகளை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். பட்டாசுக்குள் போகும் வெடிப்பொடியை அந்தப் பக்கம் மருந்து என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நக இடுக்கில் அந்த வெள்ளி நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

மாரியக்காவின் மகள்தான் செல்வி. அவள் வாசல் பக்கம் உட்காரமாட்டாள், டிவிக்கு நேர் முன்னால் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். வாயும் கண்ணும் திறந்தபடி பார்ப்பாள். அழ ஆரம்பித்தால் வீட்டுக்காரம்மாவையே தோற்கடித்துவிடுவாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மதுரையில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்திருந்தது. ஆனால் மாரியக்கா விடுவதாக இல்லை. தீபாவளிச் சீசன், கம்பெனியில் ஆள் பத்தவில்லை, திங்கட்கிழமையிலிருந்து செல்வியும் வேனில் வருவாள் என்று போர்மேனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டது.

வீட்டுக்காரம்மா கேட்டுப் பார்த்தார். நானும் கேட்டேன். "தெரியாத ஊருல ஆஸ்டல்ல பொம்பளப் புள்ளயத் தனியா விட்டுட்டு நான் எப்பிடித் தூங்க? கம்பெனின்னா எங் கண்ணு முன்னால இருப்பா," என்றது மாரியக்கா. மாரியக்காவுக்கு மருந்துமேல் பயம் இல்லை, மதுரைமேல்தான் பயம். செல்வி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கிடைத்த இடத்துக்குப் போகாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். சொல்லும்போது அழக்கூட இல்லை. தொடருக்கு அத்தனை கண்ணீர் விடுகிறவள் தன் காரியத்துக்கு அழாமல் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்த காட்சிதான் செல்வி இப்போது அனுப்பியது. வாரக்கணக்காகக் காத்திருந்த காட்சி. கோட்டைத் தளபதியைத் திவான் பிடித்து வெடிமருந்துக் கிடங்கில் அடைத்துவிட்டான். ராணியின் தோழிக்குத் தளபதிமேல் ஆசை. அதை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறவள், இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறாள். ஹால் நிரம்பியிருந்தது. சிமெண்ட் மாமாகூடச் சுவரை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விளக்கை ஏந்திக்கொண்டு போகிறாள். பூட்டைத் திறக்கிறாள். உள்ளே வரிசையாகப் பீப்பாய்கள், தரையெல்லாம் கறுப்புப் பொடி சிந்திக் கிடக்கிறது. அவள் விளக்கோடு உள்ளே போய், அதைத் தரையில் வைத்துவிட்டு, அவன் காலடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

வீட்டுக்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் கண்ணிலும் தண்ணீர், மிளகாய்க்கு நன்றி. அப்போது பின்னால் கதவு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

திரும்பினால் வாசல் பக்கம் ஒருவரும் இல்லை. மாரியக்காவும் மற்ற பெண்களும் முற்றத்தைத் தாண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். செருப்புகள் போட்ட இடத்தில் கிடக்கின்றன. ஒருத்தி மடியில் வைத்திருந்த முறமும் பாதி ஆய்ந்த கீரையும் வாசற்படியில் சிதறிக் கிடக்கின்றன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஒருவரும் கத்தவில்லை. அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழுந்து வெளியே போயிருந்தார்கள். சினிமா விளக்கு என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவர்களுக்குத் தெரிவதற்குள் கால்கள் முற்றத்தைத் தாண்டியிருந்தன.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான். அழுவதற்கும் சிரிப்பதற்கும் நாங்கள் கொஞ்சம் யோசித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு கதையை உடம்பு முழுவதாலும் நம்பியவர்களை என் வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான் பார்த்தேன்.

மாரியக்கா மரத்தடியில் நின்று ஆட்களை எண்ணுவதுபோல் முகங்களைப் பார்த்தது. செல்வி இல்லை. "ஏ புள்ள, வெளிய வா," என்றது. அது கத்தல் இல்லை, அடித்தொண்டையிலிருந்து வந்த ஒரு குரல். செல்வி அசையவில்லை. டிவிக்கு முன்னால், அந்த விளக்குக்கு ஒரு முழத் தூரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அம்மா மறுபடியும் கூப்பிட்டதும் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். "என்னம்மா? அவ சொல்லப் போறா, இரும்மா," என்றாள்.

மற்ற பெண்களுக்கு அதற்குள் வெட்கம் வந்துவிட்டது. ஒருத்தி சிரித்தாள், எல்லாருமாகச் சிரித்தார்கள், கீரையைப் பொறுக்கினார்கள். மாரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. மரத்தடியை விட்டு வரவும் இல்லை. நான்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன், பின்னாலேயே வீட்டுக்காரம்மாவும் வந்தார்.

"என்ன மாரி, டிவிதானே?" என்றார்.

"டிவிதாம்மா," என்றது மாரியக்கா. தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னது. "கம்பெனில மொத நாளே சொல்லிக் குடுப்பாக. ஒண்ணுன்னா எதையும் எடுக்காத, யாரையும் பாக்காத, மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கோ அந்த வாசல்ல ஓடுன்னு. ரூமுக்கு எல்லாப் பக்கமும் வாசல் இருக்கும். எங்க போனாலும் வாசலப் பாத்துதான் உக்காருவோம், பழகிப்போச்சு." ஹால் பக்கம் பார்த்தது. செல்வி இன்னும் டிவி முன்னால்தான் இருந்தாள். "அவளுக்கு ஓடத் தெரியலம்மா."

"அதுக்கென்ன, போகப் போகப் பழகிக்கிருவா," என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள்.

"வேண்டாம்," என்றது மாரியக்கா. "தெரியவே வேண்டாம். இப்பிடியே உக்காந்து அழட்டும்."

திங்கட்கிழமை வேன் வந்தபோது மாரியக்கா மட்டும் ஏறிப்போனது. போர்மேனிடம் என்ன சொல்லிச் சமாளித்ததோ தெரியாது. அந்த வாரமே செல்வியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய், ஆஸ்டல் வார்டனிடம் கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை என்று கேட்டு அந்த அம்மாவை ஒரு வழியாக்கிவிட்டு வந்ததாகச் செல்வி பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் கலவரத்தில் தோழி கடைசியில் என்னதான் சொன்னாள் என்று வளவில் யாருக்கும் காதில் விழவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு அது பெரிய குறை. ரொம்ப நாள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது போனில்தான் கேட்டேன். காத்திருந்தேன், காத்திருப்பேன் என்று ஏதோ சொல்கிறாள். இதற்காகவா அத்தனை தவித்தோம் என்று இருந்தது.

இப்போது அந்த வளவு இல்லை. இடித்துவிட்டுக் கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவும் சிமெண்ட் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கரண்ட் போவதில்லை, போனாலும் யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கதை, காதில் செருகிக்கொண்டு தனித்தனியாக அழுதுகொள்ளலாம். இன்வெர்ட்டர் கீச்சிட்டதும் திறந்த அந்த ஒரே வாசல் எங்கே போயிற்று?

செல்விக்குப் போன் போட்டேன். மதுரையில் ஆஸ்பத்திரி வேலை, மாரியக்காவும் அவள் கூடத்தான் இருக்கிறது. "அம்மாகிட்டக் காட்டினியா?" என்று கேட்டேன்.

"காட்டினேன்க்கா. கண்ணுதான் சரியாத் தெரியலையே அவுகளுக்கு. கிட்டக்க வச்சுப் பாத்துட்டு, 'யாரு அந்தப் புள்ள, இருட்டுக்குள்ள உக்காந்து அழுகுது'ன்னு கேட்டாக." பிறகு சொன்னாள், "விளக்கு இருக்குன்னு நான் சொல்லலக்கா."

போனை வைத்துவிட்டு இன்னொரு தரம் அந்தக் காட்சியைப் போட்டேன். வீட்டில் நான் மட்டும்தான். அவள் பூட்டைத் திறக்கும்போதே நிறுத்திவிட்டு, எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.