பெரிசு, நடு, தூள்

உதேனியின் முதுகில் முதல் நீர்க்கொப்புளத்தைக் கண்டவள் திகிரி மெனிக்கே. கிணற்றடியில் குழந்தைக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவளைத் துவாயால் போர்த்தி உள்ளே தூக்கிச் சென்று பாயில் இருத்தினாள். பதறவில்லை. அவள் பதறியதை எங்கள் ஊரில் எவரும் கண்டதில்லை. இறப்பர் வெட்டும் திங்கிரி பண்டாவுக்கு இரண்டாந்தாரமாக வந்து இறங்கிய அன்றும் அவளுக்கு இதே முகந்தான்.

செய்தி வேலி தாண்டியதும் பண்டாவின் தமக்கை நந்தாவதி வந்துவிட்டாள். படலைக்கு வெளியே நின்றபடியே பேசினாள்; அடுத்த வீட்டுக்காரர்களாகிய எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"தெய்வங்களோட நோய்தான். பேரச் சொல்லாத. வாசல்ல வேப்பங்கொத்து கட்டு. இனி இந்த வீட்டுல எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரி அக்கா."

"நான் உள்ள வர ஏலாது. வீட்டுல மகள் மாசமா இருக்கா. பண்டாவுக்குச் சின்னதுல வந்து போயிட்டுது, அவனுக்குப் பயமில்ல. ஒனக்கு வந்திருக்கா நங்கி?"

தங்கை முறையில் நங்கி என்று அழைக்கப்பட்ட மெனிக்கே, உள்ளே பாயில் இருந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லாட்டி இப்பவே சொல்லு. ஒன் அண்ணன் வீட்டுக்குப் போயிடு. நான் கல்யாணிய வரச் சொல்றேன். அவளுக்கு வந்து போனதுதான்."

கல்யாணி, பண்டாவின் இறந்துபோன முதல் மனைவியின் தங்கை, அவிசாவளையில் இருப்பவள். அக்காளின் சவப்பெட்டி வீட்டை விட்டு வெளியேறுமுன்பே, "பிள்ளைய எங்கிட்டத் தாங்க" என்று கேட்டவள். கொடுக்க மனமின்றித்தான் பண்டா மறுமணம் செய்தான். ஆகவே குழந்தை அந்த வீட்டில் இருக்கும்வரைதான் மெனிக்கேக்கும் அங்கே வேலை. கல்யாணி உள்ளே வந்தால் குழந்தை அவளுடன் போய்விடும். குழந்தை போனால் மெனிக்கேயை எவரும் திரும்ப அழைக்கப்போவதில்லை. அண்ணன் வீட்டில் அவள் பாய் விரித்த மூலையில் இப்போது அண்ணியின் தையல் இயந்திரம் நின்றது.

"வந்திருக்கு," என்றாள்.

"எப்ப?"

"சின்னப்பிள்ளையில."

"மொகத்துல ஒரு தழும்பையும் காணோமே?"

"முதுகுல இருக்கு."

அது பொய். அண்ணனுக்கு அந்நோய் கண்டபோது அவளை வேற்றூருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். இதைப் பிற்காலத்தில் அவளே என் மனைவியிடம் கூறினாள், கத்தரிக்காய் விலை சொல்வதைப்போல.

மெனிக்கேயின் வாழ்க்கையை எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. பதினைந்து வயதிலிருந்து பென்சில்கரிச் சுரங்கத்தின் கொட்டகையில் வேலை செய்தாள். நிலத்தடியிலிருந்து வரும் கரிக்கட்டிகளைப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து பெரிது, நடு, தூள் எனப் பிரித்துக் கூடைகளில் இடுவர். கண் கரிக்கட்டியின்மேல், காது கங்காணியின் காலடி ஓசையின்மேல். அவளுடைய ஊதியத்தில் அண்ணன் வீட்டுக் கூரை ஓடாயிற்று, அண்ணனுக்குத் திருமணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தனர். கொட்டகையை மூடியபோது மெனிக்கேயின் நகக்கண்களில் கரியும் தலையில் நரையும் எஞ்சியிருந்தன. தாரமிழந்தவன் ஒருவன் கேட்கிறான் என்றார்கள். சரி என்றாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

பிள்ளையின் நோயையும் அவ்வாறே ஏற்றாள். அரிசிக் கஞ்சியை ஆற்றி மசித்தாள். வாய்க்குள்ளும் கொப்புளம் இருந்ததால் குழந்தை அதைத் துப்பியது. துடைத்துவிட்டு மறு கரண்டியை நீட்டினாள். பழைய வெள்ளைத் துணியை வெந்நீரில் அலசி உலர்த்திப் பாயின்மேல் விரித்தாள். வேப்பங்கொத்தால் விசிறினாள். கைகளுக்குத் துணிப் பைகள் தைத்துக் கட்டினாள். உதேனி அவற்றைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.

"நீ போ! புஞ்சி அம்மாகிட்டச் சொல்லிக் குடுப்பேன்!"

சிற்றன்னையாகிய கல்யாணியைத்தான் புஞ்சி அம்மா என்றாள். மெனிக்கேயை அழைப்பதற்கு அக்குழந்தையிடம் எந்தச் சொல்லும் இருக்கவில்லை. மெனிக்கேயும் தன்னை இன்னவாறு அழை என்று கேட்டதில்லை.

"சொல்லு," என்றாள். பைகளைத் திரும்பக் கட்டினாள்.

முகமும் வயிறும் கொப்புளங்களால் நிறைந்த நாளில் பை, விசிறி எதற்கும் குழந்தை அடங்கவில்லை. காலை உதைத்து அலறியது. மெனிக்கே அதன் கையைப் பற்றி மடியில் வைத்துக்கொண்டு அதிலிருந்த கொப்புளங்களைப் பார்த்தாள். பின்னர் விரலால் தொடாமல், காற்றில் சுட்டினாள்.

"இது பெரிசு. இது நடு. இதெல்லாம் தூள்."

அலறல் விம்மலாயிற்று. "என்ன செய்யிற?"

"பிரிக்கிறேன்."

"எதுக்கு?"

"பிரிக்காட்டிக் கங்காணி ஏசுவான்."

"எந்தக் கங்காணி?"

"வருவான். இது பெரிசு. இது தூள்."

"அது தூள் இல்ல. நடு."

மெனிக்கே குனிந்து உற்றுப் பார்த்தாள். கொட்டகையில் ஐயம் வந்தால் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நடுதான்," என்று ஒப்புக்கொண்டாள்.

"இத நான் சொறிஞ்சா?"

"ஒடஞ்சு தூளாயிடும். பெரிச ஒடச்சா முதல்ல இருந்து பிரிக்கணும்."

உதேனி தன் வயிற்றைக் குனிந்து நோக்கினாள். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அன்று முதல் அவ்வீட்டில் அழுகை கேட்கும்போதெல்லாம், சிறிது நேரத்தில் இரு குரல்கள் மாறி மாறிப் பிரிப்பதும் கேட்கும். என் மனைவி சுமனா வேலியருகில் போய் நின்றாள்.

"என்ன மெனிக்கே, சுரங்கத்தத் திரும்பத் தெறந்துட்டாங்களாமே?"

"ஆமா அக்கா. சம்பளந்தான் இல்ல."

பண்டா செவ்விளநீரோடு வந்தபோது குழந்தை அவனையும் விடவில்லை. "அப்பா, நீ பெரிசா, நடுவா?"

மனைவி இறந்த பின்னர் அவன் பேசுவது மிகவும் குறைந்திருந்தது. இளநீரைப் பாயருகில் வைத்துவிட்டு, "தூள்," என்றான்.

மெனிக்கே இவற்றை அன்பினால் செய்தாள் என்று நான் எழுதினால் அது பிழையாகும். அடுப்பு அணைந்தால் ஊதுவாள். குழந்தை அழுதால் பிரிப்பாள். மனத்துக்குள் என்ன நிகழ்ந்தது என்று சுமனா ஒருமுறை கேட்டபோது, "ஒண்ணும் இல்லியே அக்கா," என்றாள். ஒளித்துப் பேசும் குரலாக அது இருக்கவில்லை.

பொருக்குகள் உதிர்ந்தன. வேப்பிலையும் மஞ்சளும் கொதித்த நீரில் குழந்தை முழுகினாள். தெய்வங்கள் விலகிப்போனதற்கு நன்றியாகக் கிரி அம்மா என்னும் பால்தாய்மாருக்குத் தானம் கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்றுப் பாலூட்டிய பெண்கள் எழுவரை அழைத்துப் பாற்சோறும் வாழைப்பழமும் படைக்க வேண்டும். எழுவரையும் நந்தாவதியே தேர்ந்தாள். பாலூட்டியிராத மெனிக்கே சமைக்கலாம். வரிசையில் அமர முடியாது. என் மனைவியும் எழுவரில் ஒருத்தி.

"கல்யாணியும் அன்னைக்கு வர்றா," என்றாள் நந்தாவதி. "தானம் முடிஞ்சதும் பிள்ளையக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போறாளாம்."

"எத்தன நாளைக்கு அக்கா?"

"கொஞ்ச நாளைக்குன்னா கொஞ்ச நாளைக்குத்தான். பிள்ளைக்குத் தாயும் போயி, நோயும் வந்துட்டுது. வீடு சரியில்லன்னு அவ நெனக்கிறா. நெனக்க மாட்டாளா? மல்லி, நீயும் ஒரு வார்த்த சொல்லேன்."

தமக்கை, தம்பி என்ற பொருளில் மல்லி என்று அழைத்த பண்டா, கையில் ஒட்டியிருந்த இறப்பர்ப் பாலை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் எதிர்க்கப்போவதில்லை என்பதை மெனிக்கே அறிந்தாள். மறுநாள் உதேனியின் சட்டைகளை மடித்து ஒரு பைக்குள் வைத்தாள். தன்னுடையவை குறைவு, அவற்றைப் பிறகு மடித்துக்கொள்ளலாம்.

தானத்தன்று காலையில் அவளுக்கு உடல் கொதித்தது. அடுப்பு வெக்கை என்று எண்ணினாள். தேங்காய்ப்பால் ஊற்றி இறுகக் கிளறிய சோற்றை வாழையிலையில் கொட்டிச் சமப்படுத்தும்போது மணிக்கட்டில் அதைக் கண்டாள். தெளிந்த நீர், சுற்றிலும் சிவப்பு. நடு, என்று மனம் தானாகப் பிரித்தது. முழங்கையருகே இன்னொன்று, தூள்.

சட்டைக் கை நீளமானது. இழுத்து விட்டுக்கொண்டாள். தானம் முடிந்து எல்லாரும் போகும்வரை மறைத்திருக்கலாம். அவள் பொய்யும் மறைந்திருக்கும். படலையில் பேச்சரவம் கேட்டுச் சன்னல் வழியே பார்த்தாள். முன்னால் நந்தாவதி; பின்னால் சுமனாவும் மற்றவர்களும்; கடைசியாக, எழுவரில் இளையவளான ரம்யலதா, இடுப்பில் கைக்குழந்தையுடன்.

மெனிக்கே அகப்பையைக் கையில் பிடித்தபடியே முற்றத்துக்கு வந்தாள்.

"வராதீங்க. அங்கயே நில்லுங்க. எனக்கு வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு?" என்றாள் நந்தாவதி.

மெனிக்கே சட்டைக் கையை உயர்த்திக் காட்டினாள். ரம்யலதா முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு விறுவிறுவெனப் பாதையை நோக்கி நடந்தாள்.

"ஒனக்குத்தான் சின்னதுல வந்துட்டுதே? ரெண்டாந் தரம் வருமா?"

"ரெண்டாந் தரம் இல்ல. இப்பத்தான் வருது. அன்னைக்குச் சொன்னது பொய்."

"பொய்யா! மாசமான பிள்ள என் வீட்டுல இருக்குது! தெய்வத்துக்கிட்டயே பொய் சொன்னியா நீ?"

"தெய்வத்துக்கிட்டச் சொல்லல்லயே. ஒங்ககிட்டத்தான் சொன்னேன் அக்கா."

சுமனா சிரித்துவிட்டாள். அதற்காக நந்தாவதி நெடுங்காலம் அவளோடு பேசவில்லை. தானம் நின்றது. நோயாளி கிளறிய பாற்சோற்றைப் படைக்கலாகாது. பண்டா ஒருவனே அதை மதியமும் இரவும் உண்டான்.

பெண்கள் பாதையில் நின்று இதையே பேசிக்கொண்டிருக்கையில் கல்யாணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் குடை. மறு கையில் காகிதப் பெட்டி. நந்தாவதி நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அப்ப இனி ஒரு நிமிஷமும் பிள்ள அந்த வீட்டுல இருக்கக் கூடாது," என்ற கல்யாணி, நேரே உள்ளே போனாள். நோய் வந்து போனவள் ஆகையால் அவளைத் தடுக்க எதுவுமில்லை. வாசற்படியில் அமர்ந்திருந்த பண்டா எழுந்து வழிவிட்டான்.

மெனிக்கே அறைக்குள், குழந்தை கிடந்த அதே பாயில் படுத்திருந்தாள். உதேனியின் சட்டைகள் வைத்த பை கதவருகே கட்டித் தயாராக இருந்தது. உதேனி அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"துவே, வா மகள், போவோம். இங்க பாரு, செவப்புச் செருப்பு."

உதேனி செருப்பைப் பார்த்தாள். "வடிவா இருக்கு."

"போட்டுக்கிட்டு வா. பஸ் போயிடும்."

"இன்னும் பிரிச்சு முடியல்ல."

"என்ன முடியல்ல?"

"இந்தக் கை முடிஞ்சுது. அந்தக் கை இருக்கு. கழுத்து இருக்கு. இவங்களுக்கு ஒழுங்காப் பிரிக்கத் தெரியல்ல, பெரிசப் போயி நடுன்றாங்க."

"அதெல்லாம் அப்பா பார்த்துக்குவார்."

"அப்பா தூள்."

கல்யாணி திரும்பிப் பண்டாவை நோக்கினாள். அவன் மறுக்கவில்லை. அவள் பாயருகில் குந்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சரி, முடிச்சதும் வர்றியா? புஞ்சி அம்மா காத்துக்கிட்டு இருக்கேன்."

"முடியாது புஞ்சி அம்மா. பிரிக்கப் பிரிக்கப் புதுசா வந்துக்கிட்டே இருக்கு."

கல்யாணி நாற்காலியில் அமர்ந்தாள். பஸ்ஸின் ஊதல் கேட்டது, போயிற்று. வெயில் வாசலுக்குள் வந்து திரும்பும்வரை இருந்தாள். உள்ளே கழுத்து முடிந்து முதுகு தொடங்கியிருந்தது. எழுந்தாள். செருப்புப் பெட்டியை கதவருகே இருந்த அந்தப் பையின்மேல் வைத்தாள்.

"இது இங்க இருக்கட்டும்," என்றாள் பண்டாவிடம். "கால் வளர்றதுக்குள்ள போடச் சொல்லுங்க."

குடையை விரித்துக்கொண்டு போனாள்.

"அந்தக் கை," என்றாள் உதேனி.

மெனிக்கே சொறிந்துவிடாதிருக்க அந்தக் கையைத் தன் இடுப்புக்குக் கீழே அழுத்தி வைத்திருந்தாள். அது மரத்துப்போயிருந்தது. மறு கையால் அதை இழுத்தெடுத்துக் குழந்தையின் மடியில் வைத்தாள்.