தீவுக் கடலில் விழுந்த ஏழுகல் தோடு

சாமிகளா, உங்கள் அப்பன் கடலுக்குள் மூழ்கி அம்மாவின் தோட்டை எடுத்து வந்தவன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். உங்கள் வாத்தியார் சந்தையில் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டார். நானும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். அது உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் பம்புசெட்டின் புட்வால்வு கிணற்றுக்குள் விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாளி, தூக்குப்போசி, ஒருமுறை ஓர் ஆட்டுக்குட்டி, எல்லாம் எடுத்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவனுக்கு வேறு என்ன பட்டம் இருக்கிறது? நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது உங்களைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் அம்மாவும் டூரிஸ்ட் பஸ்ஸில் ராமேஸ்வரம் போனோம். மண்டபம் பக்கத்தில் தீவுகள் இருக்கின்றன, பவளப்பாறை இருக்கிறது, அரசாங்கமே பாதுகாக்கிறது என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். சரி, கடலுக்கு என்னைக் காட்டிவிட்டு வரலாம் என்று முடிவு செய்தேன்.

பாதுகாப்பு என்றால் அப்படி ஒரு பாதுகாப்பு. ஓர் ஆபீஸில் மனு, இன்னோர் ஆபீஸில் கையெழுத்து. எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. படகில் கூடவே ஏறிய வனத்துறை வாட்சர் சட்டங்களை ஒப்பித்தார். சங்கு எடுக்கக் கூடாது, சிப்பி எடுக்கக் கூடாது, பாறையை மிதிக்கக் கூடாது, கடலிலிருந்து எதையுமே எடுக்கக் கூடாது. கடலுக்குள் எதையும் போடக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. தீவு நெருங்கும்போது, கீழே போன மஞ்சள் மீன்களைப் பார்க்க அம்மா படகோரம் குனிந்தாள். திருகாணி கழன்று ஒரு காதின் தோடு தண்ணீரில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க" என்றாள். அவ்வளவுதான். அவளுடைய அப்பா சாவதற்கு முந்தின மாதம் அவளுக்குச் செய்து போட்ட ஏழுகல் தோடு அது. முகம் வெளுத்துவிட்டது.

படகுக்காரரிடம் ஆழம் கேட்டேன்.

"ரெண்டு ஆள் மட்டம் இருக்கும்ணே. ஆனா நீங்க எறங்காதீங்க."

"எங்க கெணறு அறுவது அடிங்க. ரெண்டாள் மட்டமெல்லாம் எங்கூர்ல வாய் கொப்புளிக்கிற தண்ணி" என்று சட்டையைக் கழற்றினேன்.

குதித்தேன். நான் கீழே போகப் போக, அந்த உப்புத் தண்ணீர் என்னை மேலே தள்ளியது. தலை உள்ளே, கால் வானத்தில். கிணற்றுச் சேற்றில் கண் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கையால் துழாவுவதுதான் நமக்குத் தெரிந்த வித்தை. அதையே இங்கும் காட்டினேன். எப்படியோ உந்தித் தரையைத் தொட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அடி மணலை இரண்டு கைகளாலும் எருமை மாதிரி கலக்கினேன். மூன்றாவது தடவை மேலே வந்தபோது, அதுவரை தரை தெரிந்த தண்ணீர் கஞ்சியாகியிருந்தது.

வெளிக்கடலில் கடற்பாசி எடுத்துத் திரும்பிய பெண்கள் பக்கத்தில் படகை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்த ஒருத்தி கேட்டாள்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"நாமக்கல் பக்கமுங்க."

"அங்க கண்ணத் தொறந்து தேடுற வழக்கம் இல்லையோ? மேல ஏறுங்க. தண்ணி தெளியட்டும்."

வாட்சர் தொண்டையைச் செருமினார். "கடல்லேருந்து எதையும் எடுக்க..."

"தோடு கடல்ல முளைச்சதா சார்?" என்றாள் அவள். வாட்சர் தீவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

தண்ணீர் தெளியும்வரை அம்மா என் ஈரக் கையை விடவேயில்லை. அந்தப் பெண் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி இறங்கினாள். முதல் முறை வெறுங்கையோடு வந்தாள். இரண்டாவது முறை வந்து, தோட்டை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனிக் கழலாம நூலைச் சுத்திப் போடு தாயி" என்று சொல்லிவிட்டுத் தன் படகுக்கு நீந்திப் போனாள். அம்மா தோட்டை மூடிப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வாயெல்லாம் உப்பு. அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

கரைக்குத் திரும்பியதும் பஸ்ஸில் எல்லோரும் என் ஈரத்தலையைப் பார்த்து விசாரித்தார்கள். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "இவிங்கதானுங்க கடல்ல எறங்குனாங்க" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதைதான் வளர்ந்து உங்கள் பள்ளிக்கூடம்வரை வந்திருக்கிறது.

சாயங்காலம் கடற்கரையோரக் கடையில் டீக்கு பஸ் நின்றது. எல்லோரும் கடைக்குப் போனதும் நான் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். குனிந்து முகத்தை உள்ளே விட்டுக் கண்ணைத் திறந்தேன். எரிந்தது. மூடவில்லை. மணலில் என் கால்விரல்கள் பத்தும் தெரிந்தன.