மனு பார்க்கப் போன சனிக்கிழமை

எனக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது. நான் வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்து மனப்பாடம் ஆகிவிடுகிறது என்று டீச்சர் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும், "மெதுவாப் பேசு சாமி" என்று அம்மா என் தொடையைக் கிள்ளுவாள். அந்தத் தொண்டைக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் சேலம் ஜெயில்தான்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஒரு விபத்து வழக்கில் தண்டனையாகி அங்கே இருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து நானும் அம்மாவும் நாமக்கல்லில் பஸ் ஏறுவோம். அப்பாவைப் பார்க்க அனுமதி கேட்டு மனு எழுதிக் கொடுத்து, வரிசையில் நின்று உள்ளே போனால், நடுவில் இரண்டு கம்பி வலை. அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் அவர்கள் வீட்டார். கிடைப்பதே கொஞ்ச நேரம். அதிலும் எல்லோரும் ஒன்றாகக் கத்துவதால் யார் பேசுவதும் யாருக்கும் விளங்காது. என் குரல் மட்டும் அப்பாவுக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். விழுந்த பல், வாங்கிய மார்க்கு, கிணற்றில் நீச்சல் பழகியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன்.

அந்தச் சனிக்கிழமை, பக்கத்தில் கத்திக் கத்திக் களைத்துப்போன ஓர் அக்கா என் தோளைத் தொட்டார். "எங்கூட்டுக்காரருகிட்ட, எருமை கன்னு போட்டுருச்சு, கெடேரின்னு சொல்லு சாமி" என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் அவர் வீட்டுக்கார மாமா ஒரு குதி குதித்தார். பிறகென்ன, ஆளாளுக்கு என்னிடம் சேதி கொடுத்தார்கள். தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்ததும், தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் வந்ததும், மூத்தவன் பத்தாவது தேறியதும் என் வாய் வழியாகத்தான் போயின. அம்மா ஒரு தடவைகூடக் கிள்ளவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேரம் முடிந்தது. காவலருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. என்னிடம் குனிந்து, "பாப்பா, டைம் முடிஞ்சுதுன்னு நீயே சொல்லீரு" என்றார். அரசாங்கமே வேலை கொடுத்துவிட்டது. கம்பியைப் பிடித்து எக்கி நின்று, "டைம் முடிஞ்சுதுங்க, எல்லாரும் கெளம்புங்க" என்று ஊர் அதிரக் கத்தினேன்.

அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "கேக்கல சாமி, இன்னொருக்கா சொல்லு" என்றார்.

இன்னும் ஓங்கிச் சொன்னேன். "எனக்குங் கேக்கலீங்க அம்மிணி" என்றார் எருமைக்கார மாமா. பார்த்தால், வரிசையில் அத்தனை பேரும் காதில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காவலர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆறேழு தடவை கத்தி எனக்குக் கோபமே வந்த பிறகுதான், "ஆ, இப்பக் கேட்டுருச்சு கண்ணு" என்று அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் ஒரே புகார். எருமைக் கன்று சேதி முதல் தடவையிலேயே கேட்டவர்களுக்கு இந்த ஒரு வரி மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? அப்பாவை நல்ல காது டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "காட்டலாஞ் சாமி" என்று சிரித்தபடியே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் காது அடைத்தது என்பது ரொம்ப நாளைக்கு எனக்கு விளங்கவே இல்லை.