கடைசி வாங்கு

இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு மேற்பார்வைக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் தர டீச்சர் ஒல்லியானவர். சாயம் போன நீலச் சேலை. பிரம்பு இல்லை, அதட்டல் இல்லை. பாடம் சொல்லிக்கொண்டே நடந்து, யாரும் உட்காராமல் காலியாகக் கிடந்த கடைசி வாங்கருகே போய் நிற்பார். பிள்ளைகளிடம் ஒரு சத்தமில்லை. படிவத்தில், வகுப்பறை முகாமைத்துவத்துக்கு நேரே “மிக நன்று” என்று எழுதினேன்.

இடைவேளையில் கேட்டேன்: “குழப்படியே இல்லையே டீச்சர், எப்படிச் சமாளிக்கிறீங்க?”

“முந்தி சமாளிச்சேன் சேர். பக்கத்துல போய் நின்னாலே அடங்கிடுவாங்க. அந்தக் கடைசி வாங்குல இருந்த நாலு பேரும் படிப்ப விட்டுட்டு கொழும்புல கடை வேலைக்குப் போயிட்டாங்க. எனக்குக் கால் மட்டும் இன்னும் அங்கதான் போகுது.”

எழுதியதை நான் திருத்தவில்லை. இன்றும் கருத்தரங்குகளில் அந்த வகுப்பைத்தான் உதாரணம் சொல்கிறேன்.